கைதட்ட ஆளில்லாத கோல்ஃப் போட்டிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

குருகிராமில் கோல்ஃப் கோர்ஸ் சாலை என்றே ஒரு சாலை இருக்கிறது. இந்தியாவின் தேசிய கோல்ஃப் போட்டியான ஹீரோ இந்தியன் ஓப்பன் நடக்கும் வாரத்தில் அந்தச் சாலையில் போகும் ஆட்டோ ஓட்டுநரை நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் பல நாடுகளிலிருந்து வந்த நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். 2025இல் மொத்தப் பரிசுத்தொகை 22.5 லட்சம் டாலர். வென்றவருக்கு 3,82,500 டாலர். நம் கணக்கில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல்.

வேலை காரணமாகத் தில்லிப் பக்கம் குடிவந்த பிறகு இந்தப் போட்டியை நேரில் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வெயில் உச்சந்தலையில் இறங்கும் நேரத்தில், குழியைச் சுற்றிய மழித்த புல்தரையான கிரீன் ஒன்றின் ஓரமாக நின்றிருந்தேன். மூன்று ஆட்டக்காரர்கள், அவர்களுடைய பையைத் தூக்கி வரும் மூன்று கேடிகள், ஸ்கோர் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒரு கல்லூரி மாணவர், சத்தம் போடக் கூடாது என்று இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டிய ஒரு தன்னார்வலர். அவர் கையை உயர்த்தியது எங்களுக்காக. நாங்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் ஓர் ஆட்டக்காரரின் மனைவி. பன்னிரண்டு அடித் தூரத்திலிருந்து அந்த ஆட்டக்காரர் தட்டிய பந்து இடப்பக்கமாக வளைந்து, குழியின் விளிம்பைச் சுற்றி வந்து, பின்பக்கமாக உள்ளே விழுந்தது. கேடி வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அந்த ஒரே அடியால்தான் அந்த மனிதர், இரண்டு நாள் முடிவில் பின்தங்கியவர்களை வெளியேற்றும் 'கட்' கோட்டைத் தாண்டி வார இறுதிக்குப் போனார் என்பது மாலையில் ஸ்கோர் பட்டியலைப் பார்த்தபோது தெரிந்தது. ஐந்து பேரும் கைதட்டினோம். திறந்தவெளியில் அது கேட்டிருக்குமா என்றுகூடத் தெரியவில்லை.

இந்தக் கணக்கு எப்படிச் சரிக்கட்டப்படுகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: தொழில்முறை கோல்ஃபில் பார்க்க வருகிறவர் வாடிக்கையாளரே அல்லர். வாடிக்கையாளர் வேறொருவர், அவர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார். ஆகவே கூட்டம் வராததால் ஒரு போட்டி சாவது அபூர்வம். அது சாகிற விதமே வேறு.

கூட்டமே இல்லாமல் நடத்த முடியும் என்பதற்கு உலகமே சாட்சியாக இருந்த ஒரு சோதனை நடந்தது. கொரோனாவால் நின்றுபோன அமெரிக்க பிஜிஏ டூர் (ஆண்கள் தொழில்முறை கோல்ஃபின் முதன்மைத் தொடர்) 2020 ஜூன் 11 அன்று டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில், கொலோனியல் மைதானத்தில் மறுபடி தொடங்கியது. பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. பரிசுத்தொகை 75 லட்சம் டாலர். டேனியல் பெர்கர் வென்று 13.5 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு போனார். செப்டம்பரில் டஸ்டின் ஜான்சன் டூரின் ஆண்டுச் சாம்பியன் பட்டமான ஃபெடெக்ஸ் கோப்பையை வென்று 1.5 கோடி டாலர் பெற்றார். நவம்பரில் மாஸ்டர்ஸ் போட்டியையும் அவரே ஆளரவமற்ற அகஸ்டா மைதானத்தில் வென்றார். வாயிற்கதவைப் பூட்டியபடியே மாதக்கணக்கில் கோடிக்கணக்கான டாலரைப் பகிர்ந்தளிக்க முடிந்தது என்றால், அந்தப் பணம் வாயில் வழியாக வரவில்லை என்றுதானே பொருள்?

முதல் ஊற்று தொலைக்காட்சி. பிஜிஏ டூர் 2022 முதல் 2030 வரை சிபிஎஸ், என்பிசி, இஎஸ்பிஎன் ஆகியவற்றோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஆண்டுக்குச் சுமார் 70 கோடி டாலர் பெறும் என்று அப்போது செய்திகள் வந்தன. கோல்ஃபைப் பார்க்கும் தலைகளின் எண்ணிக்கை அமெரிக்கக் கால்பந்தோடு ஒப்பிடக்கூடியது அன்று. ஆனால் பார்ப்பவர் யார் என்பதுதான் விளம்பரக்காரர்களுக்கு முக்கியம்: வயதில் மூத்தவர், வசதியானவர், ஒரு நிறுவனத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர். ஒளிபரப்பின் இடையே வரும் விளம்பரங்களைக் கவனித்தாலே இது புரியும். ஓய்வூதிய முதலீடு, காப்பீடு, ஆடம்பரக் கார், சுவிஸ் கடிகாரம். சோப்பும் பிஸ்கட்டும் அங்கே வருவதில்லை.

கேமராவும் கோல்ஃபுக்குச் சாதகம். சேப்பாக்கத்தில் ஒரு பக்க இருக்கைகள் காலியாக இருந்தால் ஒவ்வொரு பந்திலும் அது திரையில் தெரியும். போட்டியின் மானம் போய்விடும். கோல்ஃபில் பெரும்பாலான குழிகளில் இருக்கையே கிடையாது. கேமரா வானத்தில் பறக்கும் பந்தைத் தொடர்கிறது, பிறகு புல்லில் இறங்குகிறது, பிறகு ஆட்டக்காரரின் முகம். கிரீனைச் சுற்றி நாற்பது பேர் நின்றால் திரையில் அது கூட்டமாகத் தெரியும். யாருமே இல்லாவிட்டால் அழகான இயற்கைக் காட்சியாகத் தெரியும்.

இரண்டாவது ஊற்றுதான் முக்கியமானது: போட்டியின் பெயருக்கு முன்னால் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் ஸ்பான்சர். பிஜிஏ டூரில் ஒரு சாதாரண வாரத்துக்கே இவர் கொடுப்பது ஒரு கோடி டாலரைத் தாண்டும். அந்தத் தொகையில் ஒரு பங்கு பரிசுத்தொகைக்குப் போகிறது. இன்னொரு பங்குக்கு, அந்தப் போட்டியின் ஒளிபரப்பிலேயே அவர் விளம்பர நேரம் வாங்கியாக வேண்டும். அதாவது தொலைக்காட்சி நிறுவனம் டூருக்குக் கொடுக்கும் உரிமைத் தொகையின் ஒரு பகுதி ஸ்பான்சர்களிடமிருந்தே அதற்குத் திரும்பி வந்துவிடுகிறது. இந்த வட்டத்துக்குள் டிக்கெட் வாங்கும் மனிதருக்கு இடமே இல்லை.

நம்மூர்க் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாள் மண்டகப்படிக்கும் ஓர் உபயதாரர் இருப்பார். அன்றைய செலவு அவருடையது. பத்திரிகையில் பெயர் அவருடையது. பரிவட்டமும் முதல் மரியாதையும் அவருக்கு. மழை பெய்து கூட்டம் வராமல் போனாலும் சுவாமி புறப்பாடு நிற்காது. கோல்ஃப் போட்டி கிட்டத்தட்ட அப்படித்தான் நடக்கிறது. இங்கே பரிவட்டம் கட்டும் நாள் புதன்கிழமை.

புதன்கிழமை நடப்பது புரோ-ஆம். வியாழக்கிழமை போட்டி தொடங்கும் முன், ஸ்பான்சர் நிறுவனத்தின் விருந்தினர்கள் ஒரு தொழில்முறை ஆட்டக்காரரோடு பதினெட்டுக் குழியும் ஆடுவார்கள். ஐந்து மணி நேரம். கைப்பேசி பையில் இருக்கும். இருபது வயதில் தொலைக்காட்சியில் பார்த்து வியந்த மனிதர் பக்கத்தில் நடந்து வருவார். 'கொஞ்சம் வலது பக்கம் குறிவையுங்கள், சரிவு இருக்கிறது' என்று சொல்லித் தருவார். வங்கியின் தலைவர் ஒருவர் தன்னுடைய மிகப் பெரிய வாடிக்கையாளரை எந்த அலுவலகத்திலும் ஐந்து மணி நேரம் உட்கார வைக்க முடியாது. இங்கே முடிகிறது. வேறெந்த விளையாட்டிலும் இதற்கு இணை இல்லை. விராட் கோலியோடு போட்டிக்கு முந்தின நாள் சேப்பாக்கத்தில் நீங்கள் இருபது ஓவர் ஆட முடியாது. கோல்ஃபில் மட்டும் அதே களத்தில், அதே விதிகளோடு, ஹேண்டிகேப் என்ற சலுகையின் துணையில், அமெச்சூரும் சாம்பியனும் சேர்ந்து ஆட முடியும். ஸ்பான்சர் முதன்மையாக வாங்குவது இந்த ஐந்து மணி நேரத்தைத்தான். பிறகு நான்கு நாளும் பதினெட்டாவது கிரீனின் ஓரத்தில் குளிரூட்டிய கூடாரம், விருந்து, இரவில் இசை நிகழ்ச்சி.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை என்பதற்கு 2009இல் நடந்த ஒரு சம்பவமே போதும். நிதி நெருக்கடியில் அமெரிக்க அரசு வங்கிகளுக்கு மக்கள் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்த நேரம். சிகாகோவைச் சேர்ந்த நார்தர்ன் டிரஸ்ட் வங்கிக்கும் சுமார் 160 கோடி டாலர் போயிருந்தது. முந்தைய டிசம்பரில் அது 450 பேரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது. பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் ரிவியேரா மைதானத்தில் அதன் பெயரில் போட்டி நடந்தது. வாடிக்கையாளர்களுக்காக ஷெரில் குரோவை அழைத்துப் பாட வைத்ததும், பெரிய ஹோட்டல்களில் விருந்து வைத்ததும் வெளியே வந்தன. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொதித்தார்கள், அந்தச் செலவைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். வேலை இழந்த குடும்பங்களை நினைத்தால் அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறொன்று. புயலடித்தபோது எல்லோருடைய கண்ணும் போனது அந்த விருந்துகளின் மேல். மைதானத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதே ஆண்டு சார்லட் நகரப் போட்டியை நடத்திவந்த வக்கோவியா வங்கியை வாங்கியிருந்த வெல்ஸ் ஃபார்கோ, பெயரைப் போட்டால் திட்டு விழும் என்று தன் பெயரையே போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டது. இரண்டு ஆண்டுகள் அது மைதானத்தின் பெயரிலேயே நடந்தது. 2011இல் வங்கியின் பெயர் திரும்பியது.

இனி குருகிராமுக்கு வருகிறேன். ஹீரோ ஏன் கொடுக்கிறது?

இந்தியன் ஓப்பன் 1964இல் தில்லி கோல்ஃப் கிளப்பில் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் முதல் போட்டியை வென்றார். 2005 முதல் அது ஹீரோவின் பெயரில் நடக்கிறது. அப்போது அது ஹீரோ ஹோண்டா. 1984இல் தொடங்கிய கூட்டு. 2010 டிசம்பரில் பிரிவு அறிவிக்கப்பட்டது; 2011இல் ஹீரோ மோட்டோகார்ப் என்ற புதுப் பெயர் வந்தது. அதுவரை ஹோண்டாவோடு இருந்த ஏற்பாட்டால் வெளிநாட்டுச் சந்தைகள் ஹீரோவுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தன. உலகின் மிகப் பெரிய இருசக்கர வாகன நிறுவனங்களில் ஒன்று, ஆனால் இந்தியாவுக்கு வெளியே அந்தப் பெயரை அறிந்தவர் குறைவு. லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் விற்க வேண்டும். கொலம்பியாவில் தொழிற்சாலை எழும்ப வேண்டும். இந்த நிலையில் 2014 பிப்ரவரியில் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் பவன் முஞ்சால் அழைத்து டைகர் உட்ஸ் தில்லி கோல்ஃப் கிளப்பில் ஒரு சுற்று ஆடினார். அந்த ஆண்டு முடிவதற்குள் டைகரின் அறக்கட்டளை நடத்தும் வேர்ல்டு சேலஞ்ச் போட்டி ஹீரோவின் பெயருக்கு மாறியது. 2015 முதல் அது பஹாமாஸ் தீவின் ஆல்பனி என்ற குடியிருப்பு வளாகத்தில் நடக்கிறது. இருபது பேர்தான் ஆடுகிறார்கள். பார்க்க வருவோர் கூட்டமும் சிறியது. ஆனால் டைகரோடு சேர்த்து அந்தப் பெயரையும் உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். பஹாமாஸில் ஹீரோ எத்தனை பைக் விற்கும் என்று கேட்பவர்கள் தப்பான இடத்தில் நின்று கேட்கிறார்கள். பொகோட்டாவிலும் டாக்காவிலும் உள்ள விநியோகஸ்தருக்கு அந்தப் பெயரின் மேல் வரும் நம்பிக்கையைத்தான் ஹீரோ வாங்குகிறது.

முஞ்சாலுக்குக் கோல்ஃப் பிடிக்கும் என்பதும் உண்மை. அதைக் குறையாக நான் சொல்லவில்லை. அவருடைய விருப்பம் இல்லாவிட்டால் இருபது ஆண்டாக இந்தியாவின் தேசியப் போட்டி இந்த அளவில் நடந்திருக்குமா என்பது சந்தேகமே. 2015இல் ஐரோப்பிய டூரின் (இன்றைய டிபி வேர்ல்டு டூர்) அங்கீகாரம் கிடைத்தபோது அனிர்பன் லாஹிரி தில்லியில் வென்றார். அடுத்த இரண்டு ஆண்டும் எஸ்.எஸ்.பி. சௌரசியா வென்றார். அந்த வெற்றிகளுக்குப் பின்னால் அந்தப் பணம் இருக்கிறது.

குருகிராமில் பயனடைபவர் இன்னொருவரும் உண்டு. போட்டி நடக்கும் மைதானம் கட்டுமான நிறுவனமான டிஎல்எஃப்பினுடையது; முன்னாள் சாம்பியன் கேரி பிளேயர் வடிவமைத்தது. பாறைக் குடைவுகளும் செங்குத்துச் சரிவுகளுமாக ஆட்டக்காரர்களைத் திணறடிக்கும் களம். அதன் விளிம்பில் நிற்கின்றன மக்னோலியாஸ், கமேலியாஸ் அடுக்குமாடிகள். அதே நிறுவனம் கட்டியவை. 100 கோடி ரூபாய்க்கு மேல் கைமாறிய வீடுகள் அங்கே உண்டு. நான்கு நாள் உலகத் தொலைக்காட்சியில் அந்த பால்கனிகளின் கீழே இருக்கும் பச்சையைக் காட்டுவதற்கு என்ன விலை வைக்கலாம்? புளோரிடா முதல் துபாய் வரை கோல்ஃப் மைதானங்கள் பல இந்தக் கணக்கில்தான் பிறந்தன. மைதானம் லாபம் தர வேண்டியதில்லை. சுற்றியிருக்கும் மனை லாபம் தந்தால் போதும். துபாயில் டிபி வேர்ல்டு டூர் சாம்பியன்ஷிப் நடக்கும் ஜுமேரா கோல்ஃப் எஸ்டேட்ஸ், பெயரிலேயே தன்னை ஒரு குடியிருப்பு என்று சொல்லிவிடுகிறது. அங்கே பொதுமக்களுக்கு இலவச அனுமதி கொடுத்த ஆண்டுகளும் உண்டு.

அந்த டூருக்கே பெயர் கொடுத்திருக்கும் டிபி வேர்ல்டு ஒரு துறைமுக நிறுவனம். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையத்தை நடத்துவதும் அதுதான். கன்டெய்னரில் சரக்கு அனுப்பும் முடிவை எடுப்பவர்கள் உலகில் சில ஆயிரம் பேர் இருக்கலாம். அந்தச் சில ஆயிரத்தில் பலர் கோல்ஃப் ஆடுகிறவர்கள். அவர்களை ஒரு வாரம் துபாயில் கூட்டி வைக்க முடிந்தால் போதும். மீதி உலகம் பார்க்காவிட்டாலும் கணக்கு நேராகிவிடும். 2025 அக்டோபரில் இதே நிறுவனம் 40 லட்சம் டாலர் பரிசோடு தில்லியில் ஒரு போட்டியை நடத்தி, உலக நட்சத்திரமான ரோரி மெக்கில்ராயை முதன்முறையாக இந்தியாவில் ஆட வைத்தது. டாமி ஃபிளீட்வுட் வென்றார்.

அரசுகளும் இதே சந்தையில் வாங்குபவர்கள்தான். போர்ட்டோ ரிக்கோ, பெர்முடா, டொமினிகன் குடியரசின் புந்தா கானா ஆகிய இடங்களில் நடக்கும் போட்டிகளுக்கு உள்ளூர்க் கூட்டம் குறைவு, நட்சத்திரங்களும் பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் பனி கொட்டும் ஊரில் சோபாவில் சாய்ந்திருப்பவருக்கு நீலக்கடல் தெரிகிறது. சுற்றுலாத் துறைக்கு அது போதும். இதில் உச்சம், ஹவாயின் மாவி தீவில் கபாலுவா. ஜனவரி முதல் வாரம். ஹவாயின் மதிய வெயில் அமெரிக்கக் கிழக்குக் கரையின் மாலை இருட்டில் வீடுகளுக்குள் வந்து விழும். மலைச்சரிவில் நடந்து பார்க்க வருபவர்கள் எப்போதுமே சொற்பம். அப்படியும் அந்தப் போட்டி மெர்சிடிஸ், ஹூண்டாய், விஸ்கான்சினின் சென்ட்ரி காப்பீட்டு நிறுவனம் என்று புரவலர் மாறி மாறி வாழ்ந்தது. பரிசுத்தொகை 2 கோடி டாலர் வரை வளர்ந்தது.

அதை நிறுத்தியது தண்ணீர். 2025இல் மாவியில் வறட்சி. மைதானத்தின் புல் காய்ந்தது. மைதான உரிமையாளரான யுனிக்லோ நிறுவனர் தடாஷி யனாய் தரப்பு, மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்களைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று தண்ணீர் வழங்கும் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. செப்டம்பரில் கபாலுவா கைவிடப்பட்டது. அடுத்த மாதம் 2026ஆம் ஆண்டுப் போட்டியே ரத்து செய்யப்பட்டது.

நிதியால் சாகும் போட்டிகளும் இதே பாடத்தைத்தான் காட்டுகின்றன. ஆலன் ஸ்டான்ஃபோர்டைக் கிரிக்கெட் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்; லார்ட்ஸில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, 2008இல் ஆன்டிகுவாவில் 2 கோடி டாலர் ஆட்டம் நடத்தியவர். அதே ஆண்டுகளில் மெம்ஃபிஸ் நகரக் கோல்ஃப் போட்டியும் அவர் பெயரில் நடந்தது. அதன் வருமானம் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போவது. 2009இல் அவருடைய மோசடி அம்பலமானதும் போட்டி ஒரே இரவில் அநாதையானது. 2011இல் உள்ளூர் நிறுவனமான ஃபெடெக்ஸ் வந்து கைகொடுத்தது. 2022இல் துபாய் டெசர்ட் கிளாசிக்குக்குப் பெயர் கொடுத்த ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர் இரண்டே ஆண்டில் மோசடி வழக்கில் தண்டிக்கப்பட்டார். 2023இல் அந்த இடத்துக்கு வந்தது ஹீரோ. பல்லாயிரம் பேரின் விருப்பத்தில் நிற்கும் விளையாட்டு மெல்ல மெல்லத்தான் தேயும். ஒருவருடைய கையெழுத்தில் நிற்பது ஒரு நாளில் போய்விடும்.

இதைப் பெண்கள் கோல்ஃபைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் இல்லை. நிதி நெருக்கடிக்குப் பிறகு எல்பிஜிஏ டூர் 2011இல் 23 போட்டிகளாகச் சுருங்கிவிட்டது. தலைமைக்கு வந்த மைக் வான், அந்த வாரத்துக்குப் பணம் கொடுப்பவர் யார், அவர் என்ன தொழில் செய்கிறார் என்ற விவரத்தை ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். போட்டி முடிந்ததும் அவருக்குக் கைப்பட நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினார்கள். பத்தாண்டுக்குள் போட்டிகள் 30ஐத் தாண்டின. கொரியத் தொலைக்காட்சி கொடுத்த உரிமைத் தொகையும் அதற்குப் பெரிய துணை. அந்தக் கடிதங்களை நான் மதிக்கிறேன். உலகத் தரத்தில் ஆடும் ஒரு பெண் அதைக் கீழான வேலையாக நினைக்காமல், தன் தொழிலைத் தானே தூக்கி நிறுத்தினார். ஆண்கள் டூரில் அந்தப் பணிவை நான் அதிகம் பார்த்ததில்லை.

கூட்டம் வராததன் இழப்பை யாருமே சுமப்பதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் டிக்கெட், கூடார வாடகை, உணவு விற்பனை ஆகியவற்றின் வருமானம் பெரும்பாலும் போட்டியை நடத்தும் உள்ளூர்த் தொண்டு அமைப்புக்குப் போகிறது. அங்கிருந்து மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும். ஃபீனிக்ஸில் பதினாறாவது குழியைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரிக்கும்போது அந்த ஊர்த் தர்மத்துக்குப் பணம் சேர்கிறது. கூட்டமில்லாத ஊரில் டூரின் பரிசுத்தொகை குறையாது. தர்மத்தின் பங்குதான் குறையும். களத்தில் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் சம்பளம் வாங்குவதில்லை. பல ஊர்களில் தங்கள் சீருடைக்கே அவர்கள் பணம் கட்டுகிறார்கள். இந்த இலவச உழைப்பைக் கழித்துவிட்டால் சிறிய போட்டிகள் பல அடுத்த ஆண்டைப் பார்க்காது.

மிகப் பெரிய சுமையைத் தாங்குபவர் ஆட்டக்காரர். கிரிக்கெட் அணியில் இருப்பவருக்கு ஒப்பந்தச் சம்பளம் உண்டு. கோல்ஃபர் தனித் தொழிலாளி. விமானம், ஹோட்டல், கேடி, பயிற்சியாளர் எல்லாம் அவர் செலவு. பிஜிஏ டூர் 2023 முதல் முழுத் தகுதி பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் உத்தரவாதம் தருகிறது. அது உச்சிக் கொப்பு. இந்தியாவின் தொழில்முறைத் தொடரான பிஜிடிஐ சுற்றில் ஒரு வழக்கமான போட்டியின் மொத்தப் பரிசு 1 கோடி ரூபாய். வென்றவருக்கு 15 லட்சம். இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பிறகு முதல் ஐம்பது இடங்களுக்குள் இல்லாதவருக்கு ஒன்றும் கிடையாது. நூற்றுக்கு மேற்பட்டோர் ஆடுகிறார்கள். பாதிக்கு மேல் வெறுங்கையோடு ரயிலேறுகிறார்கள். அந்தப் போட்டிகளில் கூட்டமும் இல்லை, பெரிய தொலைக்காட்சிப் பணமும் இல்லை. ஒரு ஸ்பான்சரும், ஆட்டக்காரர்களின் சொந்தச் சேமிப்பும், சில குடும்பங்களின் கடனும் சேர்ந்துதான் அவற்றை நடத்துகின்றன. நான் பார்த்த வெள்ளிக்கிழமை ஆட்டக்காரரின் மனைவி அந்தப் பந்து குழியைச் சுற்றியபோது கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சுழலில் ஒரு மாதச் செலவு இருந்தது.

லிவ் கோல்ஃபைப் பற்றிக் கேட்பீர்கள். சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதி 2022இல் லண்டன் அருகே தொடங்கிய போட்டித் தொடர் அது. தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு போட்டிக்கும் 2.5 கோடி டாலர் பரிசு. அடிலெய்டில் உண்மையிலேயே பெருங்கூட்டம் வந்தது, கொண்டாடினார்கள். அப்படியிருந்தும் அமெரிக்காவுக்கு வெளியேயான அதன் கணக்கில் மட்டும் 2023இல் 39 கோடி டாலருக்கு மேல் இழப்பு. கூட்டம் வந்தும் கணக்கு நேராகவில்லை என்பதால் அதை இங்கே வைக்கிறேன். வேறு விதத்தில் அது இந்தக் கட்டுரையின் பொருள் அன்று. லாபம் பார்க்க வேண்டிய அவசியமில்லாத கருவூலத்துக்கு நம் கணக்குப் பொருந்தாது.

என் ஆற்றாமை வேறு. அலி ஷேர் தில்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். சௌரசியாவின் தந்தை ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரித்தவர். இந்தியக் கோல்ஃபின் வரலாற்றில் பாதியை எழுதியவர்கள் சுவருக்கு உள்ளே வேலைக்காரர்களாக நுழைந்ததால் ஆட்டத்தைப் பார்த்தவர்கள். அவர்கள் பார்த்ததால்தான் ஆடினார்கள். வேலைக்கு நுழையாத பிள்ளை இன்று எப்படிப் பார்க்கும்?

டிக்கெட் பணத்தை நம்பி இயங்கும் விளையாட்டு இலவசமாகக் கதவைத் திறக்கத் தயங்குவது எனக்குப் புரிகிறது. கோல்ஃபுக்கு அந்தத் தயக்கத்துக்குக் காரணமே இல்லை. வருமானம் புதன்கிழமையே வந்து சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மைதானத்தில் இன்னும் ஆயிரம் பிள்ளைகள் நின்றால் யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. ஆட்டக்காரருக்குக் கைதட்டல் கிடைக்கும், ஸ்பான்சருக்குத் திரையில் ஜனம் கிடைக்கும். கோல்ஃப் கோர்ஸ் சாலைக்குப் பக்கத்தில் சக்கர்பூரும் வசீராபாத்தும் இருக்கின்றன. கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பும் முன்பே அங்கே இருந்த கிராமங்கள். அங்குள்ள அரசுப் பள்ளிகளுக்கு நான்கு நாளும் பஸ் அனுப்புங்கள், தொப்பியும் தண்ணீரும் கொடுங்கள், மாலையில் பயிற்சிக் களத்தில் ஆளுக்குப் பத்துப் பந்து அடிக்க விடுங்கள். விருந்துக் கூடாரத்தின் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவுக்குள் இது அடங்கிவிடும்.